மிச்சம் தானாக வரும்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா கணினி முன்னால் போய்ச் சேர்ந்தாள். அங்கே கிடந்த நாற்காலியை யாரோ ஓரமாக இழுத்துவிட்டார்கள்.

வேலைக்கான கடைசித் தேர்வு. படுத்துக்கிடக்கும் சர்வரை முதலில் எழுப்பிக் காட்டுகிறவருக்கு வேலை. இந்த நிறுவனத்தை விட்டால் அவளைத் தேர்வுக்குக் கூப்பிடவே வேறு ஆளில்லை.

எனக்குப் பயம்தான். அவளை நினைத்து அல்ல, அவள் புலி. என் வேலையை நினைத்து.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு வெளியீட்டில் எனக்கு இருக்கும் பொறுப்பு இதுதான்: கட்டளையைத் தொடங்கி டேப் விசையைத் தட்டினால், பின்னால் வரவேண்டிய நீட்டு நீட்டான சொற்கள் தானாக வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் அதற்கென்று ஒரு குட்டிக் கோப்பு உண்டு. அவற்றைக் கட்டி மேய்ப்பவன் நான்.

போன வாரம் மானம் கப்பலேறியிருக்கும். சர்வரை எழுப்பும் கட்டளையின் கோப்பு, புதுப் பதிப்பில் தப்பான இடத்தில் போய் விழுந்திருந்தது. என் கணினியில் மட்டும் எல்லாம் ஜம்மென்று ஓடியது. எப்போதோ நானே போட்டுவைத்த பழைய பிரதி ஒன்று அதில் கிடந்ததுதான் காரணம். ஒன்றுமில்லாத புது இயந்திரத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

வெளியீட்டை நிறுத்தச் சொன்னேன். குழுத் தலைவர் சிரித்தார்.

"ஏன்யா, டேப் வரலேன்னா மிச்சத்தைக் கையால அடிச்சுட்டுப் போறாங்க. விரல் தேஞ்சா போயிடும்?"

நான் ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் நிறுத்தினார்கள், சரிசெய்தேன். அந்தப் பதிப்புதான் இந்த அலுவலகத்தில் நேற்று வந்து இறங்கியிருக்கிறது.

பக்கத்து மேசைகளில் தேர்வுக்கு வந்த மற்றவர்கள் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மெதுவாக ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து.

டேப்.

வரி நீண்டது. அப்பாடா!

மறுபடி டேப். அவர்கள் எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தபோது இவளுடைய சர்வர் எழுந்து உட்கார்ந்துவிட்டது. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

அக்கா திரும்பி, கண்ணாடி வழியாக என்னைத் தேடிப் பிடித்துக் கத்தினாள்.

"டேய், உன் டேப்புடா!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. வரவேற்பு மேசைப் பெண்ணிடம், அவர் கேட்காமலே, அது என் அக்கா என்று சொன்னேன். பின்னால் காத்திருந்தவரிடமும் சொன்னேன்.

விசைப்பலகை மேல் அவளுடைய ஆள்காட்டி விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. இரண்டு கையிலும் சேர்த்து அவளுக்கு அசைகிற விரல் அது ஒன்றுதான்.

அதைத் தேய விடுவேனா?