முழங்கை உயரம்

வெள்ளவத்தை மாடிவீட்டுக் குசினியில் பின்னேர வெயில் படர்ந்து கிடக்கிறது. பால்மா டின்னில் சாய்த்து வைத்த போனுக்குள், மெல்பேர்னில் எர்கொனொமிக்ஸ் படிக்கும் மகள் ரிஸ்லா பேனையோடு குனிந்திருக்கிறாள். ஆளுக்கேற்ற அடுப்பு மேடை வரைய, உம்மாவின் முழங்கை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டுமாம். போன கிழமை தோள் அளவு கேட்டாள். சொன்னதும் போனை வைத்துவிட்டாள். உம்மா ஸீனத் அளவு நாடாவின் நுனியைக் கால் பெருவிரலால் மிதித்து, முழங்கைவரை இழுத்துப் பிடிக்கிறாள். கீழே கரையோர ரயில் கடக்க, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. "எவ்வளவு உம்மா?" "நாடா வழுக்குது மகள். நாளைக்கி அளந்து செல்றன்." "சரி, நாளைக்கி கோல் எடுக்கிறன்." திரை இருள்கிறது. ஸீனத் இன்னும் நாடாவை விடவில்லை. பெருவிரலின் கீழ் அது இம்மியும் வழுக்கவில்லை. முழங்கைக்கு நேரே தொண்ணூற்றாறு சென்ரிமீற்றர் என்று தெளிவாகத் தெரிகிறது.