சிவப்பு யாருடையது?

"கீழ பாத்து மாட்டுடி" என்றாள் சக்கர நாற்காலியிலிருந்த அக்கா.

தங்கை கழுத்தை நிமிர்த்தியபடியே குத்துக்காலிட்டு, அக்காவின் காலிலிருந்து கழன்ற ஷூவைத் தடவித் தடவி மாட்டினாள். இரட்டையர், முகமும் குரலும் ஒரே அச்சு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் அக்காவின் கால்களை மட்டும் கட்டிப்போட்டிருந்தது.

டாக்டர் திரையில் இருவரின் ரத்தச் சோதனைப் படங்களைக் காட்டினார். ஒன்று முழுக்க நீலம். மற்றதில் அம்மை போட்டதுபோல் சிவப்பு.

"உங்களுக்கு ஜீன் எல்லாம் ஒண்ணுதான். ஆனா எல்லாமே எப்பவும் முழிச்சிருக்காது. சிவப்பா இருக்கிறது முழிச்சிட்ட எதிர்ப்புசக்தி ஜீன். அதுங்கதான் சொந்த நரம்பையே எதிரின்னு நினைச்சுத் தாக்கத் தூண்டும்."

"சிவப்பு என்னோடது. அம்மா வயித்துலயே நல்லதையெல்லாம் இவ எடுத்துக்கிட்டாளே!" என்றாள் அக்கா.

தங்கை சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"டியூப் மாறிடுச்சோன்னு மறுபடியும் சோதிச்சோம். மாறலை. உங்களோடதை மருந்து தூங்க வெச்சிருக்கு. சிவப்பு தங்கச்சியோடது. அவங்களுக்கும் இந்த நோயான்னு ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"எனக்கு என்ன கேடு?" தங்கையின் குரல் உடைந்தது. "அக்காவோட ஒப்பிட்டுப் பாக்கத்தானே என் ரத்தத்தைக் கேட்டீங்க?"

"நாங்க கேக்கலையே. உங்க அக்காதான் எடுக்கச் சொன்னாங்க."

தங்கை திரும்பினாள். தன் முகமே நாற்காலியில் உட்கார்ந்து தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"தலை குனிஞ்சா முதுகுல கரண்ட் பாயுதுல்ல?" அக்கா அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. கொஞ்ச நாளா நீ குனியாமத்தான்டி எனக்கு ஷூ மாட்டுற."