பின்னாலை ஒரு ஸ்கூட்டி

“உந்த மனிசிக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?”

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியிருந்த சட்டபீட மாணவி தாரிகா, கேற்றடியில் நின்று பொரிந்தாள்.

வீதியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி புத்தகப்பையோடு வியர்க்க வியர்க்க நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்கூட்டியை உருட்டாத குறையாக ஓட்டி வந்தவள் சிறுமியின் மாமி மார்கிரட். மாமியின் மகன் பின் சீற்றில் சொகுசாக இருந்தான்.

“மாடு சாய்க்கிற மாதிரி முன்னாலை விட்டுச் சாய்ச்சுக்கொண்டு போறா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாம், கடைக்கார அண்ணை சொன்னவர். அதுதான் இந்த இளக்காரம்.”

“எங்களுக்குத் தெரியாமல் ஏதும் இருக்கும், விடடி” என்றாள் அறைத்தோழி ஜெசிதா.

“இப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் ஊர் எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிக்குது!”

“முதல் வருசச் சோதினையே இன்னும் எழுதேல்லை. அதுக்குள்ளை வழக்கோ?”

அதற்குள் மார்கிரட் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சிறுமியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா லவீனா, கிட்ட வா. அழுதாலும் விடமாட்டன்.”

தாரிகா தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

“கையை விடுங்கோ அன்ரி! உங்கடை மகன் ஸ்கூட்டியிலை, இந்தப் பிள்ளை றோட்டிலையோ?”

“பொறும் பிள்ளை, நீர் விளங்காமல்…”

“எல்லாம் விளங்குது. மிச்சத்தைச் சிறுவர் பாதுகாப்பு ஒஃபிசிலை சொல்லுங்கோ.”

என்ன நடக்கிறதென்று சிறுமி உணருமுன் அவளைத் தூக்கித் தன் ஸ்கூட்டியில் இருத்தினாள். “பயப்பிடாதையம்மா, அக்கா கொண்டுபோய் விடுறன்.”

எஞ்சின் உறுமியது.

லவீனா வீறிட்டாள். இறங்கி விழுந்து, காதிரண்டையும் பொத்திக்கொண்டு வீதியில் குந்தினாள். வெள்ளைச் சட்டை சிறுநீரில் நனைந்துபோனது.

“அம்மா எழும்புங்கோ! அப்பா எழும்புங்கோ!”

எதிரே வெறும் தார் வீதி.

மார்கிரட் ஓடிவந்து பிள்ளையை மடியில் இழுத்து அணைத்தாள். தாரிகா எஞ்சினை நிறுத்தினாள்.

“மோட்டச்சைக்கிள்ளை போகேக்கை லொறி அடிச்சது. தாயும் தகப்பனும் அவடத்திலையே செத்திட்டினம். இவள் நடுவிலை இருந்தவள்” என்றாள் மார்கிரட், பிள்ளையின் தலையைத் தடவியபடி. “ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய் ஸ்கூட்டிக்குக் கிட்டக் கொண்டு வரச்சொல்லி டொக்டர் சொன்னவர்.”

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

“அஞ்சு மாசம், பிள்ளை. நேற்றுத்தான் முதல்முதலாய் ஸ்கூட்டியைக் கையாலை தொட்டவள்.”