நொச்சிக்குப்பத்து மன்னிப்பு

"குடித்துவிட்டு மோட்டாரை ஏற்றி மீன்காரன் காலை முறித்தவன். நிற்காமல் ஓடியவன். அவனுக்கா என் ஓட்டு?"

முனிசிபல் தேர்தலில் நின்ற கோதண்டபாணியைப் பற்றி நான் இப்படிக் கேட்டேன். மயிலாப்பூரில் பலரும் இதையேதான் கேட்டார்கள். விஷயம் அவன் காதுக்குப் போயிற்று.

மறுநாள் எங்களையெல்லாம் மோட்டாரில் ஏற்றி நொச்சிக்குப்பத்துக்கு அழைத்துப் போனான். இறங்கியதும் மீன்கூடையோடு ஒருத்தி அவன் எதிரே வந்து முறைத்து நின்றாள்.

"நாத்தம் குடலைப் பிடுங்கறது. தள்ளிப் போ!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டான்.

தடியூன்றி நொண்டிக்கொண்டு தேசப்பன் என்பவன் வந்தான். கோதண்டபாணி ஓடிப்போய் மணலில் விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"பாவி நான்! என்னை மன்னிச்சுடுப்பா!"

தேசப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவன் கழுத்தில் மாலை விழுந்தது. நாங்கள் கைதட்டினோம். எனக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

"என் ஓட்டு உனக்குத்தான்டா" என்றேன்.

எல்லோரும் மோட்டாரில் ஏறிய பிறகு நான் மட்டும் திரும்பிப் போய், "உனக்குப் பெரிய மனசுப்பா" என்றேன் தேசப்பனிடம்.

"இன்னா மனசு சாமி? என் காலு கட்டுமரம் கவுந்து ஒடிஞ்சது. மோட்டார்ல அடிபட்டவன் ரங்கன். அன்னிக்கே செத்துப்பூட்டான்."

"செத்துட்டானா?"

"நின்னு பாத்திருந்தா ஆளு தெரிஞ்சிருக்கும்."

மாலையைக் கழற்றி வீசிவிட்டுக் காறித் துப்பினான்.

"நாத்தம்னு தொரத்தினாரே, அதான் சாமி ரங்கன் பொஞ்சாதி."