மரியாதை கூடிப் போச்சு

"தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி!" என்றாள் கிளாரிஸ். கனடாவின் வான்கூவரில் வளர்ந்தவள். ஹாங்காங் மக்கள் பேசும் கான்டனீஸ் மொழியின் இந்த மரியாதைச் சொற்களை ஒரு மாதமாக மனப்பாடம் செய்துகொண்டு ஹாங்காங் வந்திருந்தாள்.

"தங்கள் தந்தையார் நலமா?" என்றார் வருங்கால மாமியார், செய்தி வாசிப்பவர் போல.

கிளாரிஸ் காதலனிடம் கிசுகிசுத்தாள். "யட்ஹின், உங்கம்மா சிரிக்கவே இல்ல. என்னைப் பிடிக்கலையா? கல்யாணம் நடக்குமா?"

யட்ஹின் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தேநீர் ஊற்றினான்.

அம்மா பொறுமை இழந்தார். "டேய், வாய் வலிக்குதுடா! என் மீன்கடைப் பேச்சைக் கேட்டா பெரிய இடத்துப் பொண்ணு ஓடிடுவான்னியே, இவளுக்குச் சாதாரணமாப் பேசவே வராதா?"

"ஆன்ட்டி, உங்களுக்குமா பாடம் எடுத்தான்? அம்மா பெரிய பண்டிதர், கொச்சையாப் பேசி மானத்தை வாங்காதேன்னு என்கிட்ட சொன்னான்!"

இருவரும் அவனையே பார்த்தார்கள். யட்ஹின் தலைகுனிந்தான்.

அம்மா கிளாரிஸின் கையைப் பற்றிக்கொண்டு மகனிடம் சொன்னார்: "ஐயா, தாங்கள் சற்று வெளியே அமர்கிறீர்களா? நாங்க ரெண்டு பேரும் பேசணும்."