மௌஸுக்கு மட்டும் அனுமதி

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. 2061-ல் நடந்தது.

அப்போது ஆபீஸ்காரர்களையும் கணினியைப் போலவே உறங்க வைத்தார்கள். வேலை இல்லாத வேளையில் ஏகாம்பரம் வீட்டு நாற்காலியிலேயே உறங்கிப்போவார். அவரை யார் எழுப்பலாம் என்பது கம்பெனியின் செட்டிங்கில் இருந்தது. வயர்லெஸ் மௌஸ் எழுப்பலாம். மனைவி அங்கயற்கண்ணி எழுப்ப முடியாது.

மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தட்டு மாற்ற வேண்டியவரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அங்கயற்கண்ணி உலுக்கினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அசையவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"லிஸ்ட்ல உங்க பேர் இல்லீங்களே மேடம்."

"இருபத்தாறு வருஷமா இந்த மனுஷனோட குப்பை கொட்டுறேன்யா! எனக்கில்லாத உரிமை இந்தப் பிளாஸ்டிக் துண்டுக்கா?"

"மௌஸுக்கு டிக் போட்டிருக்கு மேடம். அதை ஆட்டிப் பாருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள். ஏகாம்பரம் சட்டென்று எழுந்தார், வேட்டியைச் சரிசெய்தார், சிரித்த முகமாகத் தட்டு மாற்றினார்.

"அப்படியே பந்தியையும் கொஞ்சம் கவனிங்க" என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் மறுபடி உறங்கிவிட்டார்.

அந்த மௌஸின் பேட்டரியை முந்தின நாளே கழற்றி டிவி ரிமோட்டில் போட்டிருந்தார் ஏகாம்பரம்.