தவசியின் ரத்தம்

பழங்காநத்தத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது 'மன்மதா ஹேர் அண்ட் ஹார்மோன் சென்டர்'. வாசல் போர்டில் சிரித்த ஆளுக்குத் தலை நிறைய முடி. உள்ளே இருந்த டாக்டர் சூரியபிரகாஷுக்கும் தலை நிறைய முடி. போர்டில் இருந்தது பெயின்ட். டாக்டர் தலையில் இருந்தது விக்.

சென்டரின் வைத்தியம் ரொம்ப எளிமை. முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களிடம் ஹார்மோன் டெஸ்டுக்கு ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் வாஷ்பேசினுக்குப் போகும். ரிப்போர்ட் கம்ப்யூட்டரிலிருந்து வரும். 'ஆண் ஹார்மோன் எகிறிக் கிடக்கிறது, முடி நிற்காது, புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, ஆறு மாதம் எங்கள் மருந்து சாப்பிட்டால் பிழைக்கலாம்.' பெயரும் வயதும்தான் மாறும்.

போன வாரம் முத்திருளன் என்ற கல்யாண மாப்பிள்ளை இதே ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று அழுதுகொண்டே படியிறங்கினான். அழுகையிலும் மருந்தை வாங்க மறக்கவில்லை. டாக்டருக்கு அது போதும்.

அன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு அழகுபாண்டி வந்தார். "தவசியால மாடி ஏற முடியாது" என்று சொல்லி டியூப்பை வாங்கிப்போய், நேற்றுக் காலையில் ரத்தத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவர். இன்று அவர் பின்னால் ஒரு பெண். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின.

"பேஷண்ட்டை நேர்ல பாக்கணும்னு சொன்னேன்ல?" என்றார் டாக்டர்.

"தோதுப்படல டாக்டர். ரிப்போர்ட் எப்படி?"

"ரொம்ப மோசம். ஹார்மோன் எகிறிப்போச்சு. புராஸ்டேட் வீங்கி நிக்குது. இன்னைக்கே மருந்த ஆரம்பிக்கலேன்னா..."

"மருந்து வேணாம் டாக்டர். நேத்தே போயிருச்சு."

"எது?"

"உசுரு."

டாக்டரின் பார்வை தானாக இறங்கியது. அழகுபாண்டியின் வேட்டி ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கறை. நகக்கண்களிலும் அதே நிறம்.

"எப்... எப்படிப் போச்சு?"

அழகுபாண்டி கதவைச் சாத்திவிட்டு வந்தார். 'டாக்டர்' சட்டென்று 'அண்ணே' ஆனது.

"வெளிய சொல்லிராதீங்கண்ணே. நான்தான். கழுத்துல ஒரே இழுப்பு. துடிக்கக்கூட இல்ல. அப்பப் புடிச்ச ரத்தந்தான் உங்க டியூப்புல இருந்தது."

டாக்டரின் கை போனுக்குப் போனது. போலீஸ் என்று நினைத்ததுமே சுவரில் மாட்டியிருந்த தன் சர்டிபிகேட் கண்ணில் பட்டது. அதை அடித்துக் கொடுத்தது டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணப் பத்திரிகை பிரஸ். கை திரும்பி வந்தது.

"பாவி! ஏன்யா இப்படிச் செஞ்ச?"

"வயசாயிப் போச்சுண்ணே. சும்மா வச்சுத் தீனி போட முடியுமா?"

மூலையில் பெண்ணின் தோள்கள் இன்னும் வேகமாகக் குலுங்கின.

"அந்தம்மா யாரு, சம்சாரமா?"

"காலையில இருந்து இப்படித்தாண்ணே. அடக்க மாட்டேங்குது." அழகுபாண்டி ஒரு மஞ்சப்பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். 'தொப்'பென்று கனமாக உட்கார்ந்தது. "தவசி உங்ககிட்டதான் வைத்தியம் பாத்துச்சு, புராஸ்டேட் வீங்கித்தான் செத்துச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. யாராச்சும் கேட்டா காட்டணும்ல?"

டாக்டர் பையைப் பார்த்தார். கொலைகாரனைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார். பயம் மெல்ல இறங்க, தொழில் மெல்ல ஏறியது. ஆயுசுக்கும் கறக்கலாம் இவனை!

"இதுல எனக்கு எம்புட்டு ரிஸ்க் தெரியுமாய்யா?"

"பை நெறையா இருக்குண்ணே. பத்தலேன்னா சாயங்காலம் இன்னும் கொண்டாந்து தாரேன்."

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? டாக்டர் லெட்டர்பேடை இழுத்தார். 'மூன்று மாதமாக என் சிகிச்சையில் இருந்த தவசி, புராஸ்டேட் நோய் முற்றி இயற்கையாக மரணமடைந்தார்' என்று எழுதினார். வாங்குகிற கூலிக்கு வஞ்சகம் செய்யக் கூடாது என்று, 'உடலை நானே நேரில் பரிசோதித்தேன்' என்றும் சேர்த்துக்கொண்டார். கையெழுத்து, சீல், கூடவே ஹார்மோன் ரிப்போர்ட்.

மூலையில் இருந்த பெண் எழுந்து வந்து தாள்களை வாங்கிக்கொண்டாள். டாக்டர் ஆசையாகப் பைக்குள் கையை விட்டார்.

சுட்டது.

வெளியே வந்தது ஒரு எவர்சில்வர் தூக்கு. மூடியைத் திறந்ததும் மிளகும் கறிவேப்பிலையுமாக அறை முழுக்க மணத்தது.

"என்னய்யா இது?"

"சுக்கா. பேஷண்ட்டை நேர்ல பாக்கணும்னு கேட்டீங்கள்ல டாக்டர்?"

டாக்டர் அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தார். நாற்காலி ஒரு பக்கம் விழுந்தது, விக் ஒரு பக்கம் விழுந்தது.

அந்தப் பெண் முந்தானையை விலக்கினாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் அது அழுத தண்ணீர் இல்லை. அடக்கி அடக்கிச் சிரித்த தண்ணீர்.

"பதறாதீங்க சார். நான் எஸ்.ஐ. பாண்டீஸ்வரி. முதல்ல உங்க முடிய எடுத்துக்கங்க."

"முத்திருளன் என் மச்சினன் டாக்டர்," என்றார் அழகுபாண்டி. "நிறுத்துன கல்யாணத்த ஆவணியில வச்சிருக்கோம். அன்னைக்கு உங்களால வர முடியாது பாருங்க, அதான் இப்பவே சாப்புட்டுருங்க."

பாண்டீஸ்வரி தவசியின் ரிப்போர்ட்டை ஒருமுறை முழுதாகப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்:

"நம்ம அழகுபாண்டி கறிக்கடையில நேத்து வெட்டுன, ரெண்டு தடவை குட்டி போட்ட வெள்ளாட்டுக்கு எப்படி சார் புராஸ்டேட் வீங்குச்சு?"